விளையாட்டுச் சந்தையில் விலை சரிந்து சரக்கு தேங்கும்போது செய்ய வேண்டியவை

இணைய விளையாட்டுகளில் தாது வெட்டியோ, ஆயுதம் செய்தோ, மலிவாக வாங்கி விற்றோ பொருள் ஈட்டுகிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் இரண்டு தொல்லைகளைச் சேர்த்தே சந்திக்கிறார்கள்: நேற்றைய விலை இன்று கிடைப்பதில்லை, இறங்கிய விலைக்கும் சரக்கு நகர்வதில்லை. இரண்டும் கைகோத்து வருவதால் ஒரே கோளாறு என்று எண்ணி, கையிருப்பு முழுவதையும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது வழக்கமாக இருக்கிறது. விலைச் சரிவும் விற்பனை மந்தமும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. எது வந்திருக்கிறது என்று அறிந்த பிறகே விலையில் கை வைக்க வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு ஈவ் ஆன்லைன், ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப், ஆல்பியன் ஆன்லைன் ஆகியவற்றை விளையாடுகிறவர்களை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருந்தாலும், வீரர்களே விலையை நிர்ணயிக்கும் சந்தை உள்ள எந்த விளையாட்டுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று, ஒரு நாளில் கைமாறிய எண்ணிக்கையை. கோயம்பேட்டில் தக்காளி விலை இறங்கினால் வியாபாரிகள் முதலில் கேட்பது அன்றைய வரத்து எத்தனை லாரி என்பதைத்தான்; விளையாட்டுச் சந்தையிலும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். விலை இறங்கி, விற்ற எண்ணிக்கை கூடியிருந்தால் வரத்து மிகுந்திருக்கிறது. வாங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். விலையும் எண்ணிக்கையும் ஒருங்கே இறங்கியிருந்தால் வாங்குவோர் குறைந்துவிட்டார்கள். பட்டியலில் விலை அசையாமல் நிற்க, எண்ணிக்கை மட்டும் வற்றியிருந்தால், நீங்கள் காண்பது விற்பவர்களின் ஆசை விலை. உண்மையான விலை அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது. ஈவ் ஆன்லைனில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள விலை வரலாற்றுப் பக்கம் நாள்வாரி எண்ணிக்கை, குறைந்த விலை, உயர்ந்த விலை, 5 நாள் மற்றும் 20 நாள் சராசரிக் கோடுகள் ஆகியவற்றைக் காட்டுகிறது. ரூன்ஸ்கேப்புக்கு அதன் விக்கியில் உள்ள நேரடி விலைப் பக்கம், உடனே வாங்கினால் என்ன விலை, உடனே விற்றால் என்ன விலை என்று இரண்டையும் தனித்தனியே தருவதால் மிகவும் பயன்படும்.

அடுத்ததாக, விழுந்தது உங்கள் பொருள் மட்டுமா, சந்தை முழுவதுமா என்று பிரித்தறிய வேண்டும். இதற்கு எளிய அளவுகோல், உண்மைப் பணத்துக்கு வாங்கி விளையாட்டுக் காசுக்கு விற்கப்படும் சந்தாப் பொருள்: ஈவில் பிளெக்ஸ், ரூன்ஸ்கேப்பில் பாண்ட். உங்கள் பொருள் விழுந்து பிளெக்ஸ் நிலையாக நின்றால் கோளாறு அந்தப் பொருளில் இருக்கிறது. பிளெக்ஸ் உட்பட எல்லாமே இறங்கினால், விளையாட்டுக்குள் புழங்கும் காசே சுருங்கியிருக்கக்கூடும். அப்படியானால் உங்கள் சரக்கின் விலை குறைந்தாலும் அந்தக் காசில் நீங்கள் வாங்குபவையும் மலிவாகியிருக்கும், பதற்றப்படக் காரணமில்லை. ஈவை நடத்தும் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் பொருளாதார அறிக்கையில், பகைவர்களை வீழ்த்தும் பரிசுத்தொகை போன்றவற்றின் வழியே எவ்வளவு காசு புதிதாக உள்ளே வந்தது, வரியும் தரகும் வழியே எவ்வளவு அழிந்தது என்ற கணக்கு இருக்கும். வணிகத்தை ஓரளவு பெரிதாகச் செய்கிறவர்கள் அதை வாசிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். சந்தாப் பொருளுக்குத் தள்ளுபடி அறிவிக்கப்படும் வாரங்களில் மட்டும் இந்த அளவுகோலை நம்ப வேண்டாம். அப்போது அது தன் சொந்தக் காரணத்தால் ஆடும்.

வரத்து மிகுந்ததால் வந்த சரிவு என்று தெரிந்தால், அந்த வரத்து ஓயக்கூடியதா, நிலைத்துவிட்டதா என்பதே மீதி எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி. ஒரு வார விழாவில் பரிசாகக் கொட்டப்பட்ட பொருள் விழா முடிந்தபின் மெல்ல மீளும். பாட் கணக்குகள் (ஆளில்லாமல் நிரலே ஆடும் கணக்குகள்) இரவும் பகலும் வெட்டிக் குவித்த மூலப்பொருள், அந்தக் கணக்குகள் முடக்கப்பட்டால் மீளும். ஆனால் விளையாட்டின் விதியே மாறியிருந்தால் பழைய விலை திரும்பாது. 2025 அக்டோபரில் கவுண்டர்-ஸ்டிரைக் 2 என்னும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு வந்த அப்டேட் இதற்குத் தெளிவான சான்று. அதுவரை பெட்டிகளைத் திறந்து மிக அரிதாகவே பெறக்கூடியவையாக இருந்த கத்திகளையும் கையுறைகளையும், ஐந்து சிவப்புத் தர ஸ்கின்களை (ஆயுதங்களின் தோற்றத்தை மாற்றும் அலங்காரங்களை) கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று விதி மாறியது. கத்திகளின் விலை மளமளவென்று சரிந்தது, அதே வேகத்தில் சிவப்புத் தர ஸ்கின்களின் விலை ஏறியது. ஒரு பொருளை வீழ்த்தும் அப்டேட் பெரும்பாலும் அதன் மூலப்பொருளை உயர்த்தும். ஆகவே அறிவிப்பை வாசிக்கும்போது எது எளிதாகிறது என்பதோடு, அதை எளிதாகச் செய்ய எது தேவைப்படும் என்பதையும் பார்க்க வேண்டும். விதி மாறிய சரிவில் பழைய விலைக்காகக் காத்திருப்பது வீண். அன்றைக்கே விற்பதுதான் மிகக் குறைந்த நட்டம்.

சரிவுக்கு அடித்தளம் எங்கே என்று முன்கூட்டியே கணக்கிடக்கூடிய பொருள்களும் உண்டு. ரூன்ஸ்கேப்பில் ஹை ஆல்கெமி மந்திரம் பெரும்பாலான பொருள்களை அவற்றின் நிர்ணய மதிப்பில் 60 விழுக்காட்டுக் காசாக மாற்றித் தருகிறது. அந்தக் காசிலிருந்து மந்திரத்துக்கு வேண்டிய நேச்சர் ரூனின் விலையைக் கழித்தால் வரும் தொகைக்குக் கீழே சந்தை விலை இறங்கினால், மந்திரம் போடுவதற்கென்றே பலர் அந்தப் பொருளை வாங்கத் தொடங்குவார்கள். ஈவில் கப்பல்களையும் கருவிகளையும் உடைத்துக் கனிமமாக மாற்றலாம் என்பதால், அந்தக் கனிமத்தின் விலையே அடித்தளம். உடைப்பில் கிடைக்கும் அளவு திறன் பயிற்சியையும் நிலையத்தையும் பொறுத்தது என்பதால், பயிற்சி மிகுந்தவருக்கு லாபமாகும் விலை புதியவருக்கு நட்டமாகலாம். உங்கள் சரக்கு அடித்தளத்துக்கு அருகில் இருந்தால் அஞ்சி விற்க வேண்டாம். அடித்தளமே இல்லாத அலங்கார உடைகள் போன்றவற்றில் இந்த நிம்மதி கிடையாது.

விலையைத் திருத்துவதற்குமுன் கட்டணக் கணக்கைப் போடுவது அவசியம். பலர் நட்டப்படுவது சரிவினால் அன்று, சரிவைத் துரத்திக்கொண்டு திரும்பத் திரும்பப் பட்டியலிடுவதால். ரூன்ஸ்கேப்பின் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தையில் விற்ற பின்னரே வரி. 2021-இல் 1 விழுக்காடாக அறிமுகமான அது 2025-இல் 2 விழுக்காடாக உயர்ந்தது, ஒரு பொருளுக்கு 50 லட்சம் காசு என்பது அதன் உச்சவரம்பு. ஆர்டரை (சந்தையில் விலை குறித்து வைக்கும் பதிவை) எடுத்துவிட்டு மறுவிலையில் வைக்கச் செலவில்லை என்பதால் அங்கே அடிக்கடி திருத்தலாம். ஈவில் ஆர்டர் வைக்கும்போதே தரகு உண்டு, திருத்தும்போதும் கட்டணம் உண்டு. ஆல்பியனில் ஆர்டர் வைக்க 2.5 விழுக்காடு முன்கட்டணம், விற்றதும் பிரீமியம் என்னும் சந்தா உள்ளவருக்கு 4 விழுக்காடும் இல்லாதவருக்கு 8 விழுக்காடும் வரி. விற்காமல் ஆர்டரைத் திரும்ப எடுத்தால் முன்கட்டணம் போனது போனதுதான்.

இந்தக் கட்டணங்களை வைத்து ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஆல்பியனில் ஒரு பொருளின் குறைந்த விற்பனை ஆர்டர் 10,000 வெள்ளி (அந்த விளையாட்டின் காசு), உயர்ந்த கொள்முதல் ஆர்டர், அதாவது வாங்க விரும்புகிறவர் முன்கூட்டியே குறித்து வைத்த விலை, 9,600 வெள்ளி என்று கொள்வோம். பிரீமியம் உள்ளவர் 10,000-க்குப் பட்டியலிட்டு விற்றால் கையில் நிற்பது 9,350. கொள்முதல் ஆர்டருக்கே உடனே கொடுத்தால் முன்கட்டணம் இல்லாததால் 9,216. வித்தியாசம் 134 வெள்ளிதான். விலை நாளொன்றுக்கு 1 விழுக்காடு இறங்கும் சந்தையில், ஐந்து நாள் காத்திருந்து 9,500-க்கு மறுபடி பட்டியலிட நேர்ந்தால், இரண்டு முன்கட்டணமும் வரியும் போக 8,632 வெள்ளிதான் தேறும். பொறுமையாகப் பட்டியலிடுவதே நல்ல வணிகம் என்று அனுபவசாலிகள் சொல்வது ஏறும் சந்தைக்கும் அசையாத சந்தைக்கும் சரி. இறங்கும் சந்தையில் கொள்முதல் ஆர்டருக்கு விற்பவரே கெட்டிக்காரர்.

காத்திருந்தால் எத்தனை நாள் ஆகும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். உங்களைவிடக் குறைந்த விலையில் 2,000 எண்ணம் வரிசையில் நிற்க, நாளொன்றுக்கு 400 விற்கிறது என்றால் உங்கள் முறை வர 5 நாள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: வரலாற்றுப் பக்கம் காட்டும் 400-இல், கொள்முதல் ஆர்டர்களுக்கு விற்றவையும் அடங்கும். அன்றைய சராசரி விலை குறைந்த விலையை ஒட்டியே இருந்தால், பெரும்பாலோர் கொள்முதல் ஆர்டருக்கே கொட்டியிருக்கிறார்கள் என்று பொருள். விற்பனை ஆர்டர்களிலிருந்து வாங்கப்பட்டவை 100 மட்டுமே இருக்கலாம், உங்கள் 5 நாள் 20 நாளாகும். ரூன்ஸ்கேப்பில் ஒருவர் 4 மணி நேரத்துக்கு இத்தனைதான் வாங்கலாம் என்ற வரம்பு பொருளுக்குப் பொருள் உண்டு என்பதால், மூட்டை மூட்டையாக வைத்திருப்பவர் ஒரே பெரிய வாங்குபவரை எதிர்பார்க்க முடியாது. சரக்கைப் பிரித்துப் பல நாள் விற்கத் திட்டமிட வேண்டும்.

ஒரு காசு, அரைக் காசு குறைத்து வரிசையின் முன்னால் போய் நிற்கும் போட்டியை நான் பரிந்துரைப்பதில்லை. ஈவில் அது ஒரு காலத்தில் நாள் முழுதும் நடக்கும் சண்டையாக இருந்தது. 2020-இல் விலையின் முதல் நான்கு இலக்கங்களை மட்டுமே மாற்றலாம் என்று விதி வந்தபின் ஓரளவு ஓய்ந்தது. வரிசையில் முன்னால் இருப்பவரிடம் சரக்கு கொஞ்சமாக இருந்தால் அவர் விற்றுத் தீரட்டும் என்று அவருக்கு மேலேயே விலை வைக்கலாம். நிறைய இருந்தால், அவர் தொடர்ந்து இறங்கிவரத் தயங்கும் அளவுக்கு ஒரேயடியாக இறக்க வேண்டும். நடுவில் நின்று கிள்ளிக் கிள்ளிக் குறைப்பதுதான் எல்லோருக்கும் விலையைக் கெடுக்கிறது.

இடம் மாற்றி விற்பது, தனித்தனிச் சந்தைகள் உள்ள விளையாட்டுகளில் மட்டுமே பயன்தரும் வழி. ஆல்பியனில் இந்த ஐந்து நகரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளைச் சுத்திகரிப்பதில் தனிச் சலுகை உண்டு: தெட்ஃபோர்டில் தாது, ஃபோர்ட் ஸ்டெர்லிங்கில் மரம், லிம்ஹர்ஸ்ட்டில் நார், மார்ட்லாக்கில் தோல், பிரிட்ஜ்வாட்ச்சில் கல். மார்ட்லாக்கில் தேங்கிக் கிடக்கும் தாதுவைத் தெட்ஃபோர்டுக்குக் கொண்டுபோனால், உருக்குகிறவர்கள் அங்கே வாங்கக் காத்திருப்பார்கள். நடு நகரமான கேர்லியனுக்குப் போகும் வழி மட்டும் கொள்ளைக்கு இடமுள்ள சிவப்பு மண்டலம். மொத்த முதலையும் ஒரே பயணத்தில் ஏற்ற வேண்டாம். ஈவின் மிகப் பெரிய சந்தையான ஜிட்டாவில் விற்பனை வேகம், லாபம் மெலிவு; அதைவிடச் சிறிய சந்தைகளான அமார், டோடிக்சி, ரென்ஸ் ஆகியவற்றில் இதற்கு நேர்மாறு. விலையுயர்ந்த சரக்கை ஏற்றிய கப்பல்கள் வழியிலுள்ள உடாமா விண்மீன் மண்டலத்தில் தாக்கப்படுவது பெயர்பெற்ற செய்தி.

சென்னையில் இருப்பவர்களுக்கு நேரம் ஒரு தனிச் சிக்கல். பிரிட்டனில் இரவு 7 முதல் 10 மணி வரை, அதாவது ஐரோப்பிய வீரர்கள் திரளும் நேரம், நமக்குக் குளிர்காலத்தில் நள்ளிரவு 12:30 முதல் 3:30 வரை. அவர்கள் கடிகாரத்தை மாற்றும் கோடைக்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக. மறுநாள் காலை பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் அலுவலகம் போக வேண்டியவர் அந்நேரத்தில் விழித்திருந்து விலை திருத்தத் தேவையில்லை. ஐரோப்பியர் வருமுன், இரவு 11 மணியளவில் வரிசையைப் பார்த்து, போட்டியாளர் இரவில் இறங்கினாலும் சரக்கு நகரும்படி சற்றுத் தணிந்த விலையில் வைத்துவிட்டுப் படுத்துவிடலாம். ஈவ் சர்வர் நாள்தோறும் மாலை 4:30 மணிக்குச் சிறிது நேரம் மூடித் திறக்கப்படுகிறது. திறந்த உடனே போட்டி குறைந்திருக்கும், ஆர்டர் திருத்த நல்ல வேளை. ரூன்ஸ்கேப்பின் வாராந்தர அப்டேட் வழக்கமாகப் புதன்கிழமைகளில், நம் மாலைக்கு வருகிறது. ஏதேனும் பெரிய மாற்றம் அறிவிக்கப்பட்டிருந்தால் புதன் மதியத்துக்குள் சரக்கைக் குறைத்துக்கொள்வது பாதுகாப்பு.

விற்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கையில் பலர் மறப்பது, உற்பத்தியை நிறுத்துவது. சரக்கு தேங்கிய பொருளையே பழக்கத்தால் மேலும் மேலும் செய்துகொண்டிருப்பவர்கள் நிறைய. “நானே வெட்டிய கனிமம், எனக்கு இலவசம்தானே” என்ற வாதம் ஈவில் வெகுநாளாகப் பரிகாசத்துக்கு உள்ளானது. அந்தக் கனிமத்தை அப்படியே விற்றிருந்தால் வரும் காசே அதன் விலை. செய்து முடித்த பொருள் கட்டணம் போக 90 காசு தந்து, அதற்குள் போன மூலப்பொருளை விற்றால் 100 காசு கிடைக்குமானால், ஒவ்வொரு பொருளிலும் 10 காசைக் கொடுத்து உழைப்பையும் சேர்த்துக் கொட்டுகிறீர்கள். அத்தகைய வாரங்களில் மூலப்பொருளையே விற்க வேண்டும். அதேபோல், வாங்கிய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு “போட்ட முதலாவது திரும்பி வரட்டும்” என்று காத்திருப்பதற்கும் பொருளில்லை. இன்று கையில் காசாக இருந்தால் இதே பொருளை இதே விலைக்கு வாங்குவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். வாங்க மாட்டீர்கள் என்றால் வைத்திருக்கவும் கூடாது.

விலையை நிமிர்த்துவதாக எண்ணிப் பட்டியலில் உள்ள மலிவான சரக்கை எல்லாம் வாங்கி அடைப்பது, வரத்து ஓய்ந்துவிட்டது என்று எண்ணிக்கை காட்டிய பிறகே செய்யத்தக்கது. வரத்து நீடிக்கும்போது வாங்கினால் மற்றவர்களின் தேக்கத்தை நீங்கள் விலை கொடுத்து ஏற்றுக்கொண்டதாகும். விளையாட்டுக்கு வெளியே ரூபாய்க்கு விற்றுத் தருவதாகக் குழுக்களில் வரும் அழைப்புகளை ஒதுக்கிவிடுங்கள். மேலே சொன்ன மூன்று விளையாட்டுகளிலும் அது விதிமீறல், கணக்கே போய்விடும்.

கடைசியாக, வைத்திருப்பது என்று முடிவு செய்தால் காலவரம்பும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டு வாரத்தில் விலை மீளாவிட்டாலும் நாள்வாரி விற்பனை எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் இன்னும் ஒரு வாரம் கொடுக்கலாம். கூடவில்லை என்றால் பாதியைக் கொள்முதல் ஆர்டருக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் உடைக்கவோ மந்திரத்தால் காசாக்கவோ கூடியதை அப்படி மாற்றி, வந்த காசை எண்ணிக்கை ஓடும் வேறொரு பொருளில் போடுங்கள்.