பழைய மின்னணுப் பொருட்களைச் சேகரிப்பு முகாமில் ஒப்படைப்பது எப்படி? மதுரை வீடுகளுக்கான செய்முறை விளக்கம்

மதுரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலும் பழைய வீடுகளின் பரணை எட்டிப் பார்த்தால் அண்டா குண்டாக்களுக்கு நடுவே மின்சாதனங்கள் சில முடங்கிக் கிடப்பதைக் காணலாம். 2006ஆம் ஆண்டில் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும், 2011 முதல் வழங்கப்பட்ட மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர் மடிக்கணினிகளும் தங்கள் ஆயுளை முடித்துக்கொண்டிருக்கும் காலம் இது. அவற்றோடு பழைய கைப்பேசிகள், சார்ஜர்கள், ரிமோட்கள் ஆகியவையும் மேசை இழுப்பறைகளில் சேர்ந்துகொண்டே போகின்றன. ஐக்கிய நாடுகள் சபை அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான்.

குடியிருப்போர் நலச் சங்கங்களும் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் சேகரிப்பு முகாம்கள் இந்தப் பொருட்களைச் சரியான இடத்தில் சேர்க்க நல்ல வழி. ஆனால், எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி முகாமில் இறக்கிவிட்டு வருவதால் வேலை முடிந்துவிடாது. பொருள் உடைக்கப்படாமல் முழுதாக, அதிலுள்ள நம் தகவல்கள் அழிக்கப்பட்டு, பேட்டரி பாதுகாப்பான நிலையில், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இதில் பெரும்பகுதி வேலை முகாமுக்கு முன்னால், வீட்டில்தான் நடக்கிறது.

காயலாங்கடையில் போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். தெருவில் தள்ளுவண்டியோடு வருபவர் மீது எந்தக் குற்றமும் இல்லை; அவர் இரும்புக்கும் செம்புக்கும் எடை போட்டுக் காசு தருகிறார், அது நேர்மையான தொழில். சிக்கல், விலை போகாத மிச்சத்தில் இருக்கிறது. பழைய தொலைக்காட்சியின் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அதை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. எனவே செம்புச் சுருள் உருவப்பட்ட பிறகு அந்தக் கண்ணாடி ஏதாவது ஒரு கண்மாய்க் கரையிலோ, அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கிலோ போய் விழ வாய்ப்புண்டு. வயருக்குள் இருக்கும் செம்பை எடுக்க அதைக் கொளுத்தும்போது மேலுறையான பிவிசி பிளாஸ்டிக் எரிந்து டையாக்சின் என்னும் கொடிய நச்சு வெளிப்படுகிறது. சர்க்யூட் போர்டுகளில் இருக்கும் சிறிதளவு தங்கத்துக்காக அவற்றை அமிலத்தில் ஊறவைக்கும் இடங்களில், மிஞ்சும் அமிலம் மண்ணில்தான் கொட்டப்படுகிறது. கோடையில் நிலத்தடி நீரை நம்பி வாழும் நம் ஊருக்கு இது சிறிய செய்தி அன்று.

முதல் படி: தரம் பிரித்தல்

வீட்டிலுள்ள எல்லா மின்னணுப் பொருட்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து பரப்புங்கள். இன்னும் இயங்குபவை, சிறு பழுதோடு இருப்பவை ஆகியவற்றை முதலில் தனியே எடுத்து வையுங்கள். ஒரு கைப்பேசிக்குப் புதுப் பேட்டரி போட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும் என்றால், அதை உடைத்து உலோகம் எடுப்பதைவிட ஓடவிடுவதே மேல். டவுன்ஹால் ரோடு பகுதிப் பழுதுபார்க்கும் கடைகளில் ஒருமுறை காட்டிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேபிள் செட்டாப் பாக்ஸ், இணைய இணைப்புக்குத் தரப்பட்ட மோடம் ஆகியவை பல வீடுகளில் நம்முடைய உடைமையே அல்ல. இணைப்பு தந்த நிறுவனத்துக்குரியவை. ஆபரேட்டரிடம் கேட்காமல் அவற்றை முகாமில் சேர்த்துவிட்டால் பிற்பாடு முன்பணம் பற்றிய வழக்கு வரக்கூடும்.

இரண்டாம் படி: தகவல்களை அழித்தல்

தயவுசெய்து இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். முகாமில் நிற்கும் தன்னார்வலர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும், அங்கிருந்து உங்கள் கைப்பேசி பல கைகள் மாறித்தான் ஆலைக்குப் போகிறது.

கணினியிலோ நினைவக அட்டையிலோ ஒரு கோப்பை ‘டெலிட்’ செய்வது என்பது, நூலக அட்டவணையில் பெயரை அடித்துவிட்டுப் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவைப்பது போன்றது. தேடத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். ஆகவே முழுமையான அழிப்பு தேவை.

ஆண்ட்ராய்டு கைப்பேசியாக இருந்தால், முதலில் படங்களையும் தொடர்பு எண்களையும் புதிய கைப்பேசிக்கோ கணினிக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலியும் புதிய கைப்பேசியில் சரியாக இயங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்ட பிறகே பழையதைத் தொடுங்கள். இரட்டைச் சரிபார்ப்புக்கான (கடவுச்சொல்லோடு கூடுதலாகக் கேட்கப்படும் எண்ணைத் தரும்) குறியீட்டுச் செயலி எதையாவது பயன்படுத்தியிருந்தால் அதையும் முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். இதை மறந்தவர்கள் தங்கள் சொந்த மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியாமல் தவிக்க நேரிடும். அடுத்து, செட்டிங்ஸ் பகுதியில் கூகுள் கணக்கை நீக்குங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால் கைப்பேசி பூட்டிய நிலையிலேயே நின்றுவிடக்கூடும். நல்ல நிலையிலுள்ள கருவியைப் புதுப்பித்து இன்னொருவருக்குத் தரும் வாய்ப்பும் போய்விடும். கடைசியாக ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுங்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு விற்பனைக்கு வந்த கைப்பேசிகளில் தகவல்கள் தாமாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் (அதாவது, ஒரு மின்னணுத் திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருப்பதால்), ரீசெட் செய்யும்போது அந்தத் திறவுகோல் அழிந்து உள்ளடக்கம் படிக்க முடியாததாகிவிடும். மிகப் பழைய கைப்பேசிகளில் பாதுகாப்புப் பகுதியில் ‘என்கிரிப்ட்’ (குறியாக்கம்) என்ற வசதி இருந்தால் அதை இயக்கி முடித்த பிறகு ரீசெட் செய்வது நல்லது. ஐபோனில், ‘ஃபைண்ட் மை’ வசதியை நிறுத்தி, ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு ‘எரேஸ் ஆல்’ கொடுக்க வேண்டும்.

சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்ற மறவாதீர்கள். கைப்பேசியின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். *#06# என்று அழுத்தினால் அது திரையில் தெரியும்.

விண்டோஸ் 10, 11 கணினிகளில் ‘ரீசெட் திஸ் பிசி’, அதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’, அதற்குள் ‘கிளீன் டேட்டா’ என்ற தேர்வை இயக்கினால் வட்டின் மீது மறுபடி எழுதி அழிக்கும். இதற்குப் பல மணி நேரம் ஆகும். இரவில் விட்டுவிடலாம், ஆனால் மின்வெட்டு வந்தால் நின்றுபோகும் என்பதால் மடிக்கணினியைச் சார்ஜரோடு இணைத்தே வையுங்கள். கணினி உயிரே பெறவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றித் தனியே தந்து, அதை அழித்ததற்குச் சான்று கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்த ஒன்றை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொள்வது பிழையன்று. கடை வைத்திருப்பவர்கள் கண்காணிப்புக் கேமராவின் காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிக்குள்ளும் ஒரு ஹார்ட் டிஸ்க் இருப்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: பேட்டரிகள்

முகாம்களில் ஆபத்து என்று ஒன்று வந்தால் அது பெரும்பாலும் பேட்டரியால்தான் வரும். லித்தியம்-அயன் பேட்டரி நசுங்கினாலோ துளைக்கப்பட்டாலோ முனைகள் உரசிக்கொண்டாலோ சூடேறித் தீப்பிடிக்கும். ஒரு பேட்டரி பிடித்தால் சாக்கிலுள்ள மற்றவையும் தொடர்ந்து பிடிக்கும்.

கைப்பேசியை மேசைமேல் படுக்க வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். பின்மூடி நடுவில் மேடிட்டிருந்தாலோ, திரையின் ஓரம் மயிரிழை அளவு பிளந்து உள்ளே ஒட்டுப்பசை தெரிந்தாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜ் செய்யாதீர்கள், இயக்காதீர்கள், மூடியை அமுக்கிச் சரிசெய்யவும் முயலாதீர்கள். உலர்ந்த மணல் நிரப்பிய ஒரு தகர டப்பாவிலோ மண்சட்டியிலோ வைத்து, எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத நிழலான இடத்தில் வைத்திருந்து, முகாமில் மற்றவற்றோடு கலக்காமல் கையில் கொடுத்துச் சொல்லிவிடுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளோ இத்தகைய பேட்டரியை விட்டுவைப்பது மிகவும் ஆபத்தானது.

கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றி, அதன் உலோக முனைகளின் மீது இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். உள்ளேயே பொருத்தப்பட்டது என்றால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் கருவியோடு சேர்த்தே கொடுங்கள். பொத்தான் வடிவப் பேட்டரிகளின் இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். ரிமோட்டின் பின்மூடியைத் திறக்கும்போது சுருள்கம்பியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பேட்டரி கசிந்து உறைந்தது. வெறும் விரலால் சுரண்டாமல் பழைய துணியால் பிடித்து எடுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியை முகாமுக்குச் சுமக்க வேண்டாம். அது 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் தனியாக வருகிறது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைத் திருப்பித் தந்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். எடை குறையட்டும் என்று அதிலுள்ள அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

நான்காம் படி: கட்டி எடுத்துச் செல்லுதல்

எதையும் பிரிக்காதீர்கள், வயரை வெட்டாதீர்கள். பிக்சர் டியூப் தொலைக்காட்சியின் எடை முழுவதும் திரைப் பக்கம் இருப்பதால், தூக்கும்போது திரை உங்கள் நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும். பின்புறம் நீண்டிருக்கும் டியூபின் கழுத்து மிக மெல்லிய கண்ணாடி; அது தட்டுப்படாமல் ஆட்டோவில் பழைய போர்வையை விரித்து வையுங்கள். குழல்விளக்கிலும் சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம் இருப்பதால் அவற்றைப் புதியது வந்த அட்டை உறையிலேயே செருகிக் கொண்டு போகலாம். வீட்டில் ஒன்று உடைந்துவிட்டால் சன்னல்களைத் திறந்து, சற்று நேரம் அறையை விட்டு விலகி, பிறகு அட்டைத் துண்டால் சில்லுகளை வாருங்கள். துடைப்பமோ வாக்குவம் கிளீனரோ வேண்டாம்.

குளிர்சாதனப் பெட்டி, ஏசி ஆகியவற்றைக் கொண்டுபோகும் முன் முகாமில் ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செம்புக்குழாயை வெட்டினால் உள்ளிருக்கும் வாயு வெளியேறிவிடும். பழைய பெட்டிகளில் அது ஓசோன் படலத்தை அரிக்கும் வகை.

ஐந்தாம் படி: நடத்துபவர்களிடம் கேட்க வேண்டியவை

முகாம் அறிவிப்பு வந்தவுடன் தயங்காமல் தொலைபேசியில் கேளுங்கள். சேகரித்தவை எந்த நிறுவனத்துக்குப் போகின்றன? அந்த நிறுவனம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றதா? ஒப்படைப்புக்கு ரசீது உண்டா? என்னைக் கேட்டால், முதல் கேள்விக்கு நிறுவனத்தின் பெயரைச் சொல்ல முடியாத முகாமுக்குப் பொருளைக் கொண்டுபோகாமல் இருப்பதே சரி. எவ்வளவு பெரிய பேனர் கட்டியிருந்தாலும் இது பொருந்தும்.

இப்படிக் கேட்பது முரட்டுத்தனம் ஆகாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 இதற்கு இடம் தருகின்றன. முந்தைய விதிகளில் 21 ஆக இருந்த பொருள் வகைகள் இவற்றில் 106 ஆக உயர்ந்தன. மறுசுழற்சி செய்பவரும் புதுப்பித்து விற்பவரும் வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். உற்பத்தி நிறுவனங்களுக்கும், முன்பு தாங்கள் விற்ற பொருட்களின் எடையில் எவ்வளவு பங்கு மறுசுழற்சி ஆக வேண்டும் என்று ஆண்டுதோறும் இலக்கு உண்டு: 2025-26இல் அது 70 விழுக்காடு, 2027-28 முதல் 80 விழுக்காடு. அந்த இலக்குக்கான சான்றிதழைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்தான் தர முடியும் என்பதால், நீங்கள் தரும் மிக்சிக்கும் அந்தக் கணக்கில் ஓர் இடம் இருக்கிறது.

ஆறாம் படி: முகாம் நாளில்

பொருட்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்லுங்கள்: என்ன பொருள், எத்தனை, எந்த நிறுவனத் தயாரிப்பு. பேட்டரிகளை முதலில் தனியே ஒப்படைத்துவிட்டு மற்றவற்றை எடை போடக் கொடுங்கள். ரசீதில் தேதி, எடை, பெறுபவர் பெயர் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். கைப்பேசியின் ஐஎம்இஐ எண்ணைக் குறித்த தாளை ரசீதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஒருவேளை அந்தக் கருவி தவறான கைக்குப் போனால், நீங்கள் அதை என்று, யாரிடம் கொடுத்தீர்கள் என்பதற்கு இவையே சான்று.

முகாம் நடக்காத ஊர்களில், ஒரு தெருவோ ஊராட்சி வார்டோ சேர்ந்து பொருட்களைத் திரட்டிவிட்டு, பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றை அழைத்தால், அளவு போதுமானதாக இருக்கும்போது அவர்களே வண்டி அனுப்ப வாய்ப்புண்டு. பதிவு பெற்றவர்களின் பட்டியலை மத்திய வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதுரை அலுவலகத்திலும் கேட்கலாம். அதுவரை சேரும் பொருட்களை மழைச்சாரல் படாத, அடுப்பிலிருந்து விலகிய இடத்தில் வையுங்கள். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பெட்டி மீது ‘எரிக்கக் கூடாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டால், வேறு யார் எடுத்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள்.