பாலைவன இசை விழாவுக்குக் கிளம்பும் முன்: கொங்கு நாட்டுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஜஸ்தான் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் ஒட்டகம், கோட்டை, மணல்மேடு என்று பட்டியல் நீளும். இசை விழா அதன் கடைசியில், "ராத்திரி நேரம் இருந்தா பாத்துக்கலாம்" என்று ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய தவறு இதுதான். பாட்டு பெரும்பாலும் ராத்திரியில் நடக்கிறது, சில நாள் விடியலில். பகலெல்லாம் கோட்டை ஏறி இறங்கியவர் ஒன்பது மணிக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். இசைக்காகப் போகிறோம் என்றால் மத்தியானம் படுத்துத் தூங்குவதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது, எந்த விழாவுக்குப் போகிறோம் என்ற தெளிவு. ஜெய்சல்மேரில் நடக்கும் மரு மகோத்சவம் அரசு நடத்தும் திருவிழா. தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி, ஒட்டக ஓட்டம் எல்லாம் உண்டு. கடைசி நாள் கூட்டம் சாம் மணல்மேட்டுக்கு நகரும். ஜோத்பூரில் 2007 முதல் நடக்கும் ரிஃப் (ராஜஸ்தான் சர்வதேச நாட்டுப்புற விழா என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) வேறு மாதிரி. மெஹ்ரான்கர் கோட்டைக்குள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து நாட்டுப்புற இசை கேட்பது. குழந்தைகளோடு போனால் முதலாவது நல்லது. இசை மட்டும் போதும் என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

தேதி விஷயத்தில் நம் ஆட்கள் வீணாகத் தடுமாறுகிறார்கள். இரண்டுமே பௌர்ணமியை ஒட்டி வருபவை. ஜெய்சல்மேர் விழா வடநாட்டுக் கணக்கில் மாக மாதப் பௌர்ணமிக்கு. நம் கணக்கில் அது சில வருடம் தைப்பூசத்தை ஒட்டி வரும், சில வருடம் மாசி மகத்தை ஒட்டி. 2024இல் மாசி மகத்தோடு சேர்ந்தது, 2025இல் தைப்பூசத்துக்கு மறுநாள். பழனிக்கு நடைப்பயணம் போகிற குடும்பம் என்றால் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரை முதலில் பாருங்கள். பூசத்துக்கு நடக்க நேர்ந்துகொண்டு அதே வாரம் ஜெய்சல்மேருக்கு டிக்கெட் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஜோத்பூர் விழா புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வரும். திருப்பூரிலும் ஈரோட்டிலும் துணித் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தீபாவளி வேலை நெருக்கும் காலம், லீவு கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கோவையிலிருந்து ஹிசார் போகும் ஏசி ரயில் கொங்கண் பாதை வழியாக ஜோத்பூரைத் தொடுகிறது. ஆனால் அது வாரம் ஒருமுறைதான், ஏறினால் மூன்றாம் நாள்தான் இறங்க முடியும். போவதற்கும் வருவதற்கும் அதையே நம்பினால் உங்கள் பயணம் எத்தனை நாள் என்பதை ரயில்தான் முடிவு செய்யும். போகும்போது ரயில், வரும்போது விமானம் என்று பிரித்துக்கொள்வது எனக்குச் சரியாக வந்தது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் இன்னும் 280 கிலோமீட்டர் இருக்கிறது என்பதையும், அங்கிருந்து சாம் மணல்மேடு கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் உள்ள தூரம் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். மணலில் கச்சேரி முடிந்து நள்ளிரவில் வண்டி தேடி அலையக்கூடாது. திரும்பி வரும் வண்டியை முன்பே பேசி வையுங்கள்.

அப்புறம் குளிர். "பாலைவனந்தானே, நம்ம பனியனே போதும்" என்று பெட்டி கட்டுகிறோம். பிப்ரவரியில் ஜெய்சல்மேர் பகலில் 25 டிகிரியைத் தாண்டும், விடியற்காலையில் 10 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். மணலில் ஈரம் இல்லை, காற்றில் ஈரம் இல்லை, மூடிக்கொள்ள மேகமும் இல்லை. பகலில் வாங்கிய சூடெல்லாம் பொழுது சாய்ந்ததும் வானத்துக்குப் போய்விடுகிறது. என்னோடு வந்த பெரியம்மா முதல் ராத்திரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏங் கண்ணு, பாலைவனம்னு சொன்னியே, இப்படிக் குளுருதே" என்றார். ஒரு நல்ல பாட்டின் நடுவே அவரை அறைக்குக் கூட்டிப்போக வேண்டியதாகிவிட்டது. ஊட்டிக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர், குல்லா, கம்பளி எல்லாமே வேண்டும். அக்டோபரில் ஜோத்பூர் போனால் இவை தேவைப்படாது, அங்கே பகல் வெயில்தான் வாட்டும். வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. தெரியாவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். தூசு ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்ஹேலரைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மணல்மேட்டுக் கூடார விடுதிகள் 'கலை நிகழ்ச்சியுடன்' என்று விளம்பரம் செய்யும். அதை விழா என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். நாங்களும் ஏமாந்தோம். இரண்டு பாட்டு நேரில் பாடினார்கள், மீதி ராத்திரி முழுக்க ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. முன்பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பாடுகிறவர்கள் யார், எவ்வளவு நேரம் பாடுவார்கள்?

பாடுகிறவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளாமல் போவதைத்தான் நான் மிகப் பெரிய இழப்பாக நினைக்கிறேன். மாங்கணியார்களும் லங்காக்களும் தலைமுறை தலைமுறையாகப் பாடும் இசுலாமியக் குடிகள். மாங்கணியார்களை ஆதரித்து வந்த வீடுகளில் பெரும்பாலானவை ராஜபுத்திர வீடுகள். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று அந்த வீட்டு விசேஷங்களில் இவர்கள் வந்து அந்த வீட்டாரின் வம்சத்தைப் பாடுவார்கள். நம் கல்யாணங்களில் மங்கல வாழ்த்து பாடக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த உறவு சட்டென்று புரியும். ஆட்டுத்தோல் போர்த்திய வட்ட வயிற்றோடு வில்லால் வாசிப்பது கமாய்ச்சா. ஹமீரா கிராமத்து சாகர் கான் அதற்காக 2012இல் பத்மஸ்ரீ பெற்றார். கையில் கட்டைகளை வைத்துத் தட்டுவது கட்தால், நம் சிப்ளாக் கட்டைக்குச் சொந்தம். கிளம்பும் முன் ஒரு மாதம் இந்த இரண்டின் ஓசையையும் வீட்டில் கேட்டுப் பழகுங்கள். அங்கே மொழி புரியாவிட்டாலும் காது தானாகப் பிடித்துக்கொள்ளும். செல்போனைத் தலைக்கு மேல் தூக்கி முழுப் பாட்டையும் படம் பிடிக்காதீர்கள், பின்னால் இருப்பவரும் அவ்வளவு தூரம் வந்தவர்தான்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். அங்கே கம்பு ரொட்டி கிடைக்கும், கம்மங்கூழ் குடித்து வளர்ந்த ஊருக்கு அது அந்நியம் இல்லை. பெரியவர்கள் மூன்றாம் நாள் அரிசிம்பருப்புச் சோறு கேட்பார்கள். ஒரு பொட்டலம் பருப்புப்பொடியும் சின்ன பாட்டில் நெய்யும் கொண்டுபோனால் சமாளித்துவிடலாம்.

கடைசி ராத்திரி முடிந்த மறுநாள் காலையிலேயே ஊருக்குக் கிளம்புவதாக டிக்கெட் போடாதீர்கள். ஒரு நாள் காலியாக விடுங்கள். ஜோத்பூரில் இருந்தால் பக்கத்தில் அர்னா ஜர்னா அருங்காட்சியகத்துக்குப் போகலாம். இந்தப் பாடகர்களை ஊர் ஊராகத் தேடிப் பதிவு செய்த கோமல் கோத்தாரியின் எண்ணத்தில் உருவானது அது. பாலைவனத்தின் புல்லிலும் செடியிலும் கட்டிய துடைப்பங்களைத்தான் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.