தலைமைக் கணுவைச் சாய்த்துப் பார்ப்போம்: எட்சிடியில் பழுது தாங்கலும் மீட்சியும்

பல கணினிகளில் பரவி இயங்கும் ஓர் அமைப்பு பழுதைத் தாங்குமா என்பதை அறிய, நாமே அதைப் பழுதாக்கிப் பார்ப்பதுதான் நேரான வழி. பல கணினிகளில் ஓடும் மென்பொருள்களை நிர்வகிக்கும் குபெர்னெடிஸ் தன் நிலைத் தகவல்களை வைத்திருக்கும் எட்சிடி (etcd) என்ற தரவுக் களஞ்சியத்தை இதற்கு எடுத்துக்கொள்வோம். அது ஒங்காரோவும் அவுஸ்டர்ஹவுட்டும் 2014இல் வெளியிட்ட ராஃப்ட் முறையில் இயங்குகிறது: ஒரு கணு தலைமை தாங்கும், பெரும்பான்மைக் கணுக்கள் ஒப்புக்கொண்டால்தான் ஒரு மாற்றம் ஏற்கப்படும். சோதனைக்கு ஒரு மடிக்கணினி போதும்.

முதலில் மூன்று டெர்மினல்களில் மூன்று கணுக்களை, அதாவது எட்சிடியின் மூன்று பிரதிகளை, இயக்குங்கள். வழக்கமான போர்ட்கள் (இணைப்பு வாயில் எண்கள்) 2379, 2380. ஒரே கணினியில் ஓடுவதால் ஒவ்வொரு கணுவுக்கும் வேறு போர்ட்களும் தனித் தரவுக் கோப்புறையும் தர வேண்டும். மூன்றில் பெரும்பான்மை இரண்டு, எனவே ஒன்றை இழக்கலாம்; நான்காகக் கூட்டினால் பெரும்பான்மைக்கு மூன்று தேவைப்படும் என்பதால், தாங்கக்கூடிய இழப்பு அப்போதும் ஒன்றுதான்.

அடுத்து, ‘நிறம்’ என்ற சாவியில் ‘சிவப்பு’ என்று எழுதி, எது தலைமைக் கணு என்று நிலை அறிக்கையில் பார்த்து, அதை 9ஆம் சிக்னலால் (நிரலை அவகாசமின்றி உடனே நிறுத்தும் கட்டளையால்) நிறுத்துங்கள். கன்ட்ரோல்-சி அழுத்தினால் அது தலைமையை முறையாக ஒப்படைத்துவிட்டே விலகும்; மின்வெட்டு அப்படி அவகாசம் தராது. வழக்கமாக 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை தலைமையிடமிருந்து வரும் ஹார்ட்பீட் (உயிரோடு இருப்பதைச் சொல்லும் செய்தி) நின்றதும், 1000 முதல் 2000 மில்லிவினாடிக்குள் தற்செயலாக அமையும் ஒரு நேரம்வரை மற்ற இரண்டும் காத்திருந்து, பிறகு தேர்தல் நடத்தும். இப்போது ‘நீலம்’ என்று மாற்றி எழுதுங்கள், எழுத்து ஏற்கப்படும்.

இரண்டாவது கணுவையும் நிறுத்தினால் எழுத்து மட்டுமல்ல, வழக்கமான வாசிப்பும் நின்றுபோகும். தனித்து நிற்கும் கணு பழைய மதிப்பைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது.

இனி மீட்சி. முதலில் சாய்த்த கணுவை அதே தரவுக் கோப்புறையுடன் இயக்குங்கள். அதன் பதிவேட்டில் ‘சிவப்பு’தான் இருக்கிறது, அது பழைய தலைமையும்கூட. ஆனாலும் தன்னைவிடப் பின்தங்கிய பதிவேடு உள்ளவருக்கு எந்தக் கணுவும் வாக்களிக்காது என்பதால், ‘நீலம்’ வைத்திருக்கும் கணுவே தலைமையேற்று, விடுபட்டதை மற்றதற்கு அனுப்பும். வாசித்துப் பாருங்கள், ‘நீலம்’ வரும்.

தரவுக் கோப்புறையே அழிந்துபோன கணுவை மட்டும் பழைய பெயரிலேயே வெறுமையாக எழுப்பாதீர்கள். தான் அளித்த வாக்கையும் ஏற்ற பதிவுகளையும் அது மறந்திருக்கும். பெரும்பான்மை உயிரோடு இருக்கும்போதே உறுப்பினர் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டு, புதிய உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.