வாட்ச் 21.4 காட்டினால் பாதை நீளமா?

அரை மராத்தான் (21.1 கி.மீ.) முடிகிற இடத்தில் பத்துப் பேரின் மணிக்கட்டில் உள்ள ஜிபிஎஸ் வாட்சை எட்டிப் பாருங்கள். ஒருவருக்கு 21.2, இன்னொருவருக்கு 21.4, வாழைப்பழ வரிசையில் நிற்பவருக்கு 21.6. உடனே ஒரு குரல் கேட்கும்: "பாதையையே தப்பா அளந்துட்டாங்க சார்!" நாம் செய்கிற முதல் தவறு இதுதான்.

முறைப்படி சான்று பெற்ற பாதையை அளப்பது ஜிபிஎஸ் அல்ல, சைக்கிள். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்ட்டர் என்ற சின்னக் கருவியை மாட்டுவார்கள். எஃகு நாடாவால் அளந்த நேர்ச்சாலையில் அதை ஓட்டிச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் பாதை முழுக்க ஓட்டுவார்கள். அதுவும் வளைவுகளில் சாலை விளிம்பிலிருந்து 30 செ.மீ. மட்டும் தள்ளி, ஆகக் குறுகிய கோட்டில். பாதை குறைந்துவிடக் கூடாதே என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். இந்தக் கணக்கில் 42.195 கி.மீ. மராத்தான் 42.237 ஆகிவிடுகிறது.

அந்தக் கோட்டிலா நாம் ஓடுகிறோம்? தண்ணீர் மேசைக்கு ஒதுங்குகிறோம், கூட்டத்தைச் சுற்றிப் போகிறோம். ஒரு யு-டர்னில் 2 மீட்டர் வெளியே தள்ளி வளைந்தால் அங்கேயே 6 மீட்டர் கூடிவிடும். லண்டன் மராத்தானில் அந்தக் குறுகிய வழியைச் சாலையில் நீலக் கோடாகவே போட்டுக் காட்டுகிறார்கள். ஆக, வாட்ச் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவதுதான் இயல்பு. சான்று இல்லாத உள்ளூர் ஓட்டங்களில் பாதை நிஜமாகவே தப்பாக இருக்கலாம். எல்லார் வாட்சும் 20.5 என்றால் சந்தேகப்படுங்கள், ஒற்றை வாட்சை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

இதனால் வரும் நஷ்டம் நேரத்தில் தெரியும். 2 மணி நேரத்துக்குள் முடிக்க கிலோமீட்டருக்கு 5:41 போதும். வாட்சில் 5:40 பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) காட்டுகிறதே என்று நிம்மதியாக ஓடுகிறீர்கள். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது வாட்ச் 21.4 காட்டுகிறது, பந்தயக் கடிகாரமோ 2:01:16. வாட்ச் பொய் சொல்லவில்லை, நீங்கள் ஓடியதாக அது நினைத்த தூரத்துக்கு 5:40 சரிதான். பந்தயத்தன்று ஆட்டோ லேப்பை (வாட்ச் தானாகவே ஒவ்வொரு கிலோமீட்டரையும் பிரித்துக் குறிக்கும் வசதி) அணைத்துவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் நீங்களே லேப் பட்டனை அழுத்துங்கள். அதுவும் வேண்டாமென்றால் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்: 5 கி.மீ. 28:26, 10 கி.மீ. 56:53, 15 கி.மீ. 1:25:19, 20 கி.மீ. 1:53:45. என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான கருவி இல்லை. அந்தந்த நொடியின் பேஸைப் பார்த்துப் பார்த்து ஓடுவதும் வீண்தான், மூச்சு விடுவதற்குள் அது 5:20-க்கும் 6:10-க்கும் தாவும்.

ஏன் தாவுகிறது? சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சிக்னல், வாட்சுக்கு வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் நம் இடம் கணக்கிடப்படுகிறது. ஒரு நானோ விநாடி பிசகினால் 30 செ.மீ. பிசகும். சிக்னல் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வந்தால் வழி நீண்டு, மீட்டர் கணக்கில் பிழை வரும். வடபழனிப் பக்கம் 100 அடி சாலையில் மெட்ரோ பாலத்துக்கு அடியில் ஓடிப் பாருங்கள், வரைபடத்தில் நீங்கள் யார் வீட்டு மொட்டை மாடியிலோ ஏறி இறங்கியிருப்பீர்கள். அதே வாட்ச் மெரினாவை ஒட்டிய காமராசர் சாலையில் சமர்த்தாக இருக்கும். எல்1, எல்5 என இரண்டு அலைவரிசைகளையும் பிடிக்கிற வாட்ச்கள் கட்டடங்களுக்கு நடுவே பரவாயில்லை. வாட்ச் விநாடிக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துத் தூரம் சொல்கிறது. புள்ளிகள் அங்குமிங்கும் சிதறினால் நேர்ச்சாலை நீளும். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் மோடில் புள்ளிகள் குறையும், அப்போது வளைவுகள் குறுக்கே வெட்டப்பட்டுத் தூரம் குறையும். ஆறு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு அந்த மோடு எதற்கு?

வீட்டு வாசலில் இறங்கியதுமே ஸ்டார்ட் அழுத்துவது இன்னொரு பழக்கம். செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்று வாட்சுக்குத் தெரிய வேண்டாமா? முந்தின இரவே போனோடு சிங்க் செய்யுங்கள், அந்த விவரம் இறங்கிவிடும். வெளியூர்ப் பந்தயத்துக்குப் போனால் இது ரொம்ப முக்கியம். சிக்னல் கிடைத்துவிட்டது என்று வாட்சில் பச்சை விளக்கு வந்தபின்னும் ஒரு நிமிடம் திறந்த வெளியில் நின்றுவிட்டு ஓடுங்கள்.

400 மீட்டர் டிராக்கில் ஜிபிஎஸ் தூரத்தை மறந்துவிட்டுச் சுற்றுகளை எண்ணுங்கள். 400 என்பது முதல் லேனுக்கு மட்டும்தான், நான்காவது லேனில் ஒரு சுற்று சுமார் 422 மீட்டர். அங்கே 25 சுற்று ஓடினால் 10 கி.மீ. அல்ல, 10.5-க்கும் மேல். வாட்சில் டிராக் மோடு இருந்தால் லேன் எண்ணைச் சரியாகக் கொடுங்கள், நடுவில் லேன் மாறாதீர்கள்.

ட்ரெட்மில்லில் ஜிபிஎஸ்ஸுக்கு வேலையே இல்லை. வாட்ச் கையசைவை வைத்து ஊகிக்கிறது. கைப்பிடியைப் பிடித்தபடி ஓடிவிட்டு, "5 கி.மீ. ஓடினேன், 3.8-தான் காட்டுது" என்று புலம்பினால் அது என்ன செய்யும்?