ஈறு வீங்கினால் பிரஷை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில் நான் பல் மருத்துவம் பார்க்கத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. சனிக்கிழமைகளில் கைகொடுக்க வரும் இளம் பல் மருத்துவர்கள், அந்த வயதில் நான் செய்த பிழைகளை அப்படியே திரும்பச் செய்வதைப் பார்க்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்க மறப்பது போன்றவற்றைக் கல்லூரியிலேயே திருத்தியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். உடம்பில் உள்ள நோய் வாயில் அடையாளம் காட்டியும் நாம் கவனிக்காமல் போகும் இடங்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

"சரியாகப் பல் துலக்கவில்லை" என்று முடித்துவிடுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். தோட்டத்திலிருந்து வருபவர் வாயைத் திறந்ததும் ஈறு சிவந்து வீங்கியிருந்தால், துலக்கும் முறையைப் பற்றி ஓர் உபதேசம், பற்காறையைச் சுரண்டி எடுக்கும் ஒரு ஸ்கேலிங், ஐந்து நாளைக்கு ஆண்டிபயாடிக் என்று நாம் கணக்கை முடித்துவிடுகிறோம். அந்த உபதேசம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால், அதைச் சொன்ன நிமிடத்திலேயே நம் கண் தேடுவதை நிறுத்திவிடுகிறது.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மா இரண்டு மாதத்துக்குள் மூன்று முறை என்னிடம் வந்தார். முதலில் கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில் சீழ்க்கட்டி, அடுத்து மேலே வலப்பக்கத்தில், பிறகு கீழ் முன்பற்களில். ஒவ்வொரு முறையும் கீறிச் சீழை வெளியேற்றி, அமோக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் எழுதிக் கொடுத்து, பிரஷைப் பிடிக்கும் விதத்தையும் காட்டி அனுப்பினேன். மூன்றாம் முறை, கன்னத்தை விலக்க வைத்த சிறு கண்ணாடி உள்தோலில் ஒட்டிக்கொண்டது. எடுக்கும்போது தோலும் சேர்ந்து இழுபட்டது. எச்சில் இல்லாத வாயில்தான் அப்படி ஒட்டும். நாற்காலியில் இருந்த அரை மணி நேரத்தில் பெரிய தண்ணீர் போத்தலை மூன்று தடவை எடுத்துக் குடித்தார். "வெயில் டாக்டர், தோட்டத்துல வேலைன்னா தாகம் எடுக்கத்தானே செய்யும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

நான்காம் முறை அவர் வரவில்லை. அவருடைய மகள்தான் வந்தார். ஆறாத கால் புண்ணோடு அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், இனிப்பு நீர் இருப்பதே அங்கேதான் தெரிந்தது என்றும், ஒரு கால்விரலை எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். "ராத்திரியில் சிறுநீர் கழிக்க எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் போதும்.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, ஈறின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடுகின்றன, புண் ஆறத் தாமதமாகிறது. ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோ 1993-இலேயே எழுதினார். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அவர்களில் கணிசமானோருக்கு அது தெரிந்தே இருக்கவில்லை. ஆகவே, வெவ்வேறு இடங்களில் மாறி மாறிச் சீழ்க்கட்டி, அழுக்கின் அளவுக்குப் பொருந்தாத தாடை எலும்புத் தேய்வு, வறண்ட வாய், திடீரென விலகும் முன்பற்கள், நாக்கில் வெண்படலம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்திருந்தாலே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். எந்நேரத்தில் எடுத்தாலும் லிட்டருக்கு 11.1 மில்லிமோலைத் தொட்டால் அவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நோயை உறுதி செய்வது ஆய்வகப் பரிசோதனைதான். சந்தேகப்படுவது நம் வேலை.

சென்ற மாதம் ஒரு லோரி ஓட்டுநரிடம் இளம் மருத்துவர் ஒருவர் அதே துலக்கும் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். நான் குளுகோமீட்டரை எடுத்து வந்து பார்த்தேன், 19.4 காட்டியது. தாகத்துக்கு அவர் நாள் முழுவதும் சிராப் ஐஸ் என்ற இனிப்புப் பானத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்.

மருந்துப் பையைத் திறக்காமல் இருப்பது

"மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றால் நம் பெரியவர்கள் இல்லை என்பார்கள், பிரஷர் மாத்திரை அவர்கள் கணக்கில் மருந்தாகாது. பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பற்களுக்கு இடையே ஈறு கெட்டியாகத் திரண்டு வளர்ந்திருப்பதற்கு அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை காரணமாக இருக்கலாம். அதை நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்கில்லை. மாற்றித் தர முடியுமா என்று எழுதிக் கேட்க வேண்டும். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட் பையில் இருந்தால், பல்லைப் பிடுங்கும் முன் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும் என்பதை நினையுங்கள்.

வழவழத்த நாக்குக்கு உடனே வைட்டமின் எழுதுவது

முதலில் இரத்த எண்ணிக்கை, பிறகு மாத்திரை. நாக்கின் மேல் மொட்டுகள் உதிர்ந்து சிவந்திருப்பதும் வாயோரம் வெடிப்பதும் இரும்புச் சத்து அல்லது பி12 குறைவைக் காட்டலாம். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபோர்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது உண்டு. வயதானவருக்கு இரும்பு குறைந்திருந்தால் குடலில் எங்கேயாவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். நாம் கொடுக்கும் இரும்பு மாத்திரை அந்த விசாரணையைத் தள்ளிப்போட்டுவிடும்.

காய்ச்சலோடு ஈறு கசியும்போது பல் பிடுங்குவது

பிடுங்காதீர்கள். டெங்கியாக இருக்கலாம். சுத்தமான வாயில் ஈறு வெளிறிப் பஞ்சுபோல வீங்கி, உடம்பில் காரணமில்லாத இரத்தக் கன்றல்களும் இருந்தால் இரத்தப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கறுத்த ஈறைக் கண்டு பயமுறுத்துவது

நம்மவர் பலருக்கு அது பிறவி நிறம். புதிதாகத் தோன்றிய கறுப்புக்கு மட்டுமே காரணம் தேடுங்கள்.

கடிதம் கொடுக்காமல் "டாக்டரைப் பாருங்கள்" என்பது

தோட்டத்தில் ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம் போகும். அரசாங்க கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட்தான் என்றாலும், கையில் தாள் இல்லாமல் அங்கே போய் "பல் டாக்டர் சொன்னார்" என்று நிற்க எவரும் விரும்புவதில்லை. வாயில் கண்டது என்ன, சர்க்கரை அளவு எவ்வளவு, எத்தனை மணிக்கு எடுத்தது, கடைசியாக அவர் எப்போது சாப்பிட்டார் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் போன் செய்து, போனாரா என்று கேளுங்கள். ஈறு சிகிச்சைக்கும் திரும்ப வரச் சொல்லுங்கள். அதை ஒழுங்காகச் செய்தால் மூன்று நான்கு மாதங்களில் நீரிழிவு உள்ளவரின் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) அளவு சராசரியாக ஏறக்குறைய 0.4 விழுக்காட்டுப் புள்ளி இறங்குகிறது. அந்த லோரி ஓட்டுநருக்கு இரண்டாவது போனில்தான் "நாளைக்குக் கண்டிப்பாகப் போறேன் டாக்டர்" என்று சொல்லத் தோன்றியது, மறுநாள் போனார்.