ஏறுவதற்கு மட்டும் பழகிய கால்கள்: மலைத் தடையோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த செப்டம்பரில் வெர்மான்ட் மாநிலத்தின் கில்லிங்டன் மலைச்சரிவில், ஒரு தம்பி இரண்டு கைகளாலும் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர். நியூஜெர்சியில் எங்கள் வார இறுதி ஓட்டக் குழுவில் ஒருவர். முப்பது வயதுகூட ஆகவில்லை. மூச்சு சீராக இருந்தது, முகத்தில் களைப்பு இல்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. "உப்பு மாத்திரை போட மறந்துவிட்டேன் அண்ணா, அதனால்தான் பிடித்துக்கொண்டது" என்றார்.

2016இல் அதே மலையில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நானும் உப்பைத்தான் குறை சொன்னேன். அந்த நினைவுதான் இதை எழுத வைக்கிறது.

நாங்கள் இருவரும் ஓடியது ஸ்பார்ட்டன் பந்தயம்: சுவர் தாண்டுவது, கயிறு ஏறுவது போன்ற தடைகளைக் கடந்துகொண்டே ஓடும் ஓட்டம். அதில் 'பீஸ்ட்' என்ற பிரிவு 21 கிலோமீட்டர் தூரமும் 30 தடைகளும் கொண்டது. 2010இல் இந்தப் பந்தயங்கள் பிறந்ததே வெர்மான்ட்டில்தான். கில்லிங்டனின் உச்சி 4,241 அடி. உயரம் என்று பார்த்தால் பெரிதில்லை. ஆனால் பாதை ஒரே தடவை ஏறி ஒரே தடவை இறங்குவதில்லை. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்குப் பயன்படும் செங்குத்தான சரிவுகளில் மேலே, கீழே, மறுபடி மேலே என்று நாள் முழுக்க இழுத்தடிக்கும். புதுக் காலணி வேண்டாம், பருத்திச் சட்டை வேண்டாம், காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இறக்கத்துக்குப் பழகாமல் வருவது

எங்கள் அடுக்ககத்தில் பதினெட்டு மாடிகள். 2016 கோடை முழுவதும் முதுகில் பத்துக் கிலோ மணல் பையோடு தரைத்தளத்திலிருந்து மேல்மாடி வரை ஏறினேன். ஏறி முடித்ததும், முழங்காலைக் காப்பாற்ற வேண்டும் என்று லிஃப்டில் இறங்கினேன். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஆறு சுற்று. உடற்பயிற்சிக் கூடத்தில் டிரெட்மில்லின் சாய்வைப் பதினைந்து வரை ஏற்றி நடந்தேன். மூச்சு நன்றாக வலுப்பட்டது. பந்தயத்தின் முதல் ஏற்றத்தில் எத்தனையோ பேரைக் கடந்து போனேன்.

முதல் இறக்கம் இனிமையாக இருந்தது. இழந்த நேரத்தை மீட்கலாம் என்று ஓடினேன். இரண்டாவது இறக்கத்தில் தொடைகள் கிடுகிடுவென நடுங்கத் தொடங்கின. மூன்றாவதில் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மடங்கியது. பாதித் தூரம்கூட ஆகியிருக்கவில்லை.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே, உடல் எடை முழுவதையும் தாங்கி பிரேக் போடுகிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம் விழுவது இப்படி இழுபட்டுக்கொண்டே பாரம் தாங்கும்போதுதான். அந்தச் சமயத்தில் மூச்சு வாங்காது, நெஞ்சு படபடக்காது. ஆகவே இறக்கத்தை ஓய்வு என்று மனம் நம்பிவிடுகிறது. வெள்ளியங்கிரி ஏறி வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். ஏழு மலையும் ஏறியதைவிட, திரும்பி இறங்கியபின் மூன்று நாள் வீட்டுப் படி இறங்க முடியாமல் பட்ட பாட்டைத்தான் சொல்வார்கள். அந்தத் தம்பியும் வெள்ளியங்கிரி போய் வந்தவர்தான். அந்த வலியையும் இந்தப் பந்தயத்தையும் அவர் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

தொடை போனால் ஓட்டம் மட்டும் போவதில்லை. கயிறு ஏறக் கைபலம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முழங்காலை மார்புவரை மடக்கி, பாதங்களால் கயிற்றைக் கவ்வி, கால்களால் உந்தித்தான் மேலே போக வேண்டும். சோர்ந்த கால் மடக்கிய மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும். எட்டடிச் சுவரைத் தாண்டக் கால்தான் முதலில் எழும்ப வேண்டும். சரளைக்கல் நிரப்பிய வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு சரிவில் இறங்கும் தடையில் நான் நான்கு முறை வாளியைக் கீழே வைத்தேன். கையில் வலு மிச்சம் இருந்தது. கால் தாங்கவில்லை. இருட்டியபின் நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு நடந்தேன். பதினேழாவது கிலோமீட்டரில், நேரம் கடந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள்.

இந்தத் தவறின்மேல் எனக்கு இன்றும் ஆறாத கோபம் இருக்கிறது. ஒழுங்காக, வியர்வை சிந்திப் பயிற்சி செய்தவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். பயிற்சி இல்லாதவர் முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி நிதானமாகிவிடுவார். மூச்சு வலுவானவர்தான் இறக்கத்தில் பாய்ந்து ஓடித் தொடையை அழித்துக்கொள்கிறார். போதாக்குறைக்கு, "இறங்கினால் முழங்கால் தேய்ந்துவிடும், லிஃப்டில் வா" என்ற அறிவுரையை இன்னும் எங்கு போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முழங்காலில் ஏற்கெனவே காயம் உள்ளவர் மருத்துவரைக் கேட்டு நடக்கட்டும். நலமாக இருக்கும் காலுக்கு இறங்காமலே இறக்கம் பழகாது. தம்பியிடம் விசாரித்தேன். அவருடைய கட்டடத்தில் இருபத்திரண்டு மாடிகள். ஏறுவது படியில், இறங்குவது லிஃப்டில்.

உப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வியர்வையில் உப்பு போகத்தான் செய்கிறது; நாள் முழுக்க ஓடுகிறவர் அதை ஈடுகட்டத்தான் வேண்டும். ஆனால் உடம்பு முழுவதிலும் உப்பு குறைந்தால், தொடை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்? தன் பழக்கத்துக்கு மீறி உழைத்த தசைதான் முதலில் பிடிக்கிறது. உப்பைக் குறை சொன்னால் அடுத்த ஆண்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டு அதே பயிற்சியைச் செய்வீர்கள். நானும் அப்படித்தான் திரும்பிப் போயிருப்பேன்; அதே பந்தயத்தில் என்னோடு நடந்த ஒரு மூத்த அமெரிக்கர்தான் "நீ எங்கே இறங்கிப் பழகினாய்?" என்று கேட்டு என் கண்ணைத் திறந்தார்.

இதற்கான மருந்து எளிது. இறங்கி ஒருமுறை நன்றாக வலி கண்ட தசை, அடுத்தமுறை அதே வேலையில் அவ்வளவு சேதப்படுவதில்லை. இந்தக் காப்பு பல வாரங்கள் நிற்கும். பந்தயத்துக்கு எட்டு வாரம் முன்பு தொடங்குங்கள். முதல் வாரம் பத்து நிமிட இறக்கம் போதும். வலிக்கும், வலிக்கட்டும். அந்த வலி முழுவதும் அடங்கியபின் அடுத்தது. மலை கிடைக்காதவர்கள் மாடிப்படியில் இறங்குங்கள். பல அடுக்குக் கார் நிறுத்துமிடத்தின் சாய்தளமும் நல்ல இடம். வீட்டில், ஒரு படியில் ஒற்றைக் காலில் நின்று, மறுகால் தரையைத் தொடும்வரை நான்கு எண்ணி மெதுவாக இறக்குங்கள். கடைசிப் பத்து நாளில் கடுமையான இறக்கம் கூடாது.

நான் இறங்கிப் பழகப் போவது நியூஜெர்சியின் டெலவேர் வாட்டர் கேப் பகுதியில் உள்ள டாமனி மலை. அங்கே சிவப்புப் புள்ளிக் குறியிட்ட பாதை செங்குத்து, பாறை நிறைந்தது. நீலப் பாதை சாய்வு குறைந்தது. சிவப்பில் ஏறி நீலத்தில் இறங்குவதுதான் எல்லோரும் செய்வது. முதல் சில வாரங்கள் அப்படியே செய்யுங்கள். பிறகு விடியற்காலையில், எதிரே ஏறி வருகிறவர்கள் கூடுவதற்கு முன், சிவப்பிலேயே இறங்கிப் பழகுங்கள்.

இறங்கும் முறையும் உண்டு. பயத்தில் உடல் பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் குதிகால் முதலில் விழும். ஈர மண்ணில் குதிகால் வழுக்கும். வழுக்காவிட்டாலும் ஒவ்வொரு அடியும் தொடைக்கு ஓர் அடி. முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பைக் காலுக்கு மேலேயே வைத்து, சின்னச் சின்ன அடிகளாக வேகமாக எடுத்து வையுங்கள். பார்வை காலடியில் வேண்டாம், நான்கு அடிக்கு முன்னால் இருக்கட்டும். மிகச் செங்குத்தான இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள்.

கையுறை

வேண்டாம். சேறு ஏறிய கையுறை கம்பியில் நிற்காது.

ஈரக் கையோடு தொங்குவது

தொங்கு கம்பிகளுக்கு முன்னால் சேற்றைப் போக்கத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, ஈரத்தோடு நேரே கம்பியைப் பிடிக்கிறார்கள். இரண்டாவது கம்பியிலேயே விழுகிறார்கள். உலர்ந்த புல்லிலோ காய்ந்த மண்ணிலோ உள்ளங்கையை நன்றாகத் தேயுங்கள். உங்களுக்கு முன்னால் போனவர் எந்தக் கம்பியில் வழுக்கினார் என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

ஈட்டி

ஈட்டியை எறிந்து இலக்கில் குத்தவைக்கும் தடை இது. பலம் அதிகம் தேவைப்படாது, கிடைப்பது ஒரே வாய்ப்பு. என் முதல் பந்தயத்தில், தவறவிட்டால் முப்பது பர்ப்பி (தரையில் படுத்து எழுந்து குதிக்கும் பயிற்சி). மலையில் ஏற்கெனவே நொந்த உடம்புக்கு அது பெரிய தண்டனை. ஈட்டியின் பின்னால் ஒரு கயிறு கட்டியிருக்கும். எறிவதற்கு முன், அது வேலியில் சிக்கியிருக்கிறதா, உங்கள் காலடியில் மிதிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறி சரியாக இருந்தும் கயிறு இழுத்து ஈட்டி பாதியில் விழுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். துடைப்பக் கட்டை ஒன்றும் வைக்கோல் கட்டு ஒன்றும் இருந்தால் வீட்டுக் கொல்லையிலேயே பழகலாம்.

முள்கம்பிக்கு அடியில்

முழங்காலில் தவழாதீர்கள். இடம் அகலமாக இருந்தால் பக்கவாட்டில் உருளுங்கள். தலைசுற்றுகிறவர்கள் நாலைந்து உருளலுக்கு ஒருமுறை நின்று, போகும் திசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குளத்திலிருந்து ஏறியதும் நிற்பது

செப்டம்பர் கடைசியில் வெர்மான்ட்டின் மலைக்காற்று ஈர உடம்பைச் சில நிமிடங்களில் நடுங்க வைத்துவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சுகிறது. கரையில் நண்பருக்காகக் காத்து நிற்பவர்கள்தான் முதலில் நடுங்குகிறார்கள். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்றை நீர் புகாத பையில் மடித்து வைத்திருங்கள். ஏறியதும் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள். பேச்சு குழறத் தொடங்கிவிட்டால் பந்தயத்தை அங்கேயே விட்டுவிட்டு உதவி கேளுங்கள். அதில் பிடிவாதம் உயிரோடு விளையாடுவது.

கால் நகம்

மூன்று நாள் முன்பே வெட்டுங்கள். இறக்கத்தில் விரல் நுனி காலணியில் மோதும்.

அன்றிரவே கார் ஓட்டுவது

கில்லிங்டனிலிருந்து நியூஜெர்சிக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். பிரேக்கை அழுத்தும் கால், பகலெல்லாம் இறங்கிய அதே கால். 2016இல் நெடுஞ்சாலையில் எனக்கு வலது தொடை பிடித்துக்கொண்டது. ஓரம்கட்டி நிறுத்துவதற்குள் உயிர் போய் வந்தது. இந்த முறை தம்பியின் காரை ஓட்டியது பந்தயத்துக்கு வராமல் கூட வந்த அவருடைய மனைவி. கூட யாரும் வரவில்லை என்றால், பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும்போதே அன்றிரவுக்கும் ஓர் அறை எடுத்துவிடுங்கள்.