நன்றாக ஓடும் மடிக்கணினியை மாற்றத்தான் வேண்டுமா?

பாம்பன், மண்டபம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் மடிக்கணினியின் வயதை ஆண்டுக் கணக்கில் மட்டும் மதிப்பிடுவது சரியாகாது. உப்புக் காற்றும் நுண்மணலும் மின்விசிறி வழியாக உள்ளே புகுந்து, வெப்பத் தகடுகளில் படிந்து, இணைப்பு முனைகளை மெல்ல அரிக்கும் என்பதால், புதியது வாங்கும் எண்ணம் வந்தவுடன் முதலில் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். எல்லா பாகங்களையும் தாங்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் பரவலாகப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அதற்குச் செலவழிப்பது வீண்.

உட்புறம் சுத்தமாக இருந்து வேகம் மட்டுமே குறை என்றால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பொருத்துவதும், தற்காலிக நினைவகமான ரேமை 4 ஜிபியிலிருந்து 8 ஜிபியாக உயர்த்துவதும் பெரும்பாலோருக்குப் போதும். ஆயினும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. உப்பிய பேட்டரியை உடனே மாற்ற வேண்டும். அதற்காகக் கணினியையே மாற்றத் தேவையில்லை.

பலரும் கவனிக்காமல் விடுவது மென்பொருளைத்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அவை இல்லாத கணினியில் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவினால், இணையத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அது தாராளமாக உழைக்கும். விண்டோஸுக்கான கணக்கு மென்பொருளான டேலியில் கணக்கெழுதும் கடைக்காரருக்கு மட்டும் இந்த வழி ஒத்துவராது. அவர் புதியது வாங்குவதே முறை.